டர்போ டிராக்டர்: கூடுதல் எச்.பி. எங்கிருந்து வருகிறது?

போன மாதம் பெரம்பலூர் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு மக்காச்சோளப் படைப்புழு பற்றிப் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார். இரண்டும் டிராக்டர் கொட்டேஷன். ஒன்று 45 எச்.பி., சாதா இன்ஜின். மற்றது 55 எச்.பி., டர்போ. விலையில் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

"சார், டர்போன்னா இழுவையே வேற மாதிரி இருக்கும்னு ஷோரூம்ல சொல்றாங்க. பையனும் அதான் வேணும்ங்கிறான். ரெண்டும் மூணு சிலிண்டர்தான், பார்க்க இன்ஜின் சைஸும் ஒண்ணாத்தான் இருக்கு. அப்புறம் அந்தப் பத்து எச்.பி. எங்கேர்ந்து வருது?"

"புழுவைப் பத்திக் கேட்டிருந்தா நின்னுக்கிட்டே சொல்லியிருப்பேன்ணே. இதுக்கு உட்காரணும்" என்றேன்.

அவருக்குச் சொந்த நிலம் ஆறு ஏக்கர், கரிசல். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறார். தன் வேலை போக, அக்கம்பக்கத்தில் வாடகைக்கு ஓட்டித் தவணை கட்டலாம் என்பது திட்டம். வீட்டு நகை ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது. ஐந்து வருடத் தவணையில் அந்த இரண்டரை லட்சம், வட்டியோடு சேர்ந்து இன்னும் பெரிதாகத்தான் ஆகும். அதனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கும் இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டிருக்கிறது. கார் வாங்க நினைக்கும் வாசகர்கள்கூட, '1 லிட்டர் டர்போ இன்ஜின் எப்படி 1.2 லிட்டர் இன்ஜினை விடக் கூடுதல் சக்தி தருகிறது?' என்று கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான். காற்று.

இன்ஜினின் முக்கியத் தீனி

டீசல் ஊற்றினால் இன்ஜின் ஓடும் என்று நாம் சொல்கிறோம். எடைபோட்டுப் பார்த்தால் இன்ஜினுக்குள் போவது பெரும்பாலும் காற்று. ஒரு கிலோ டீசல் எரிய, கணக்குப்படி சுமார் பதினான்கரை கிலோ காற்று வேண்டும். டீசல் இன்ஜினில் பீய்ச்சிய டீசல் காற்றோடு கலக்கக் கிடைக்கும் நேரம் கண்ணிமைப்பை விடக் குறைவு. ஆகவே புகையில்லாமல் எரிய, ஏறக்குறைய இருபது கிலோ காற்றாவது கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது 2,700 சி.சி. சாதா இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2,000 சுற்று. நான்கு வீச்சு இன்ஜின் என்பதால், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் காற்றை இழுக்கும். ஆக நிமிடத்துக்கு 1,000 தடவை, 2.7 லிட்டர் வீதம், 2,700 லிட்டர். வால்வு, குழாய், ஏர் கிளீனர் எல்லாம் தடுப்பதால் முழுசாக வராது. 2,300 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலில் அதன் எடை இரண்டரை கிலோவுக்குச் சற்று மேல். இந்தக் காற்றில் நிமிடத்துக்கு சுமார் 130 கிராம் டீசலைத்தான் ஒழுங்காக எரிக்க முடியும். மணிக்கு 8 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு எச்.பி.யை ஒரு மணி நேரம் தர சுமார் 180 கிராம் டீசல் செலவாகும் என்று கணக்குப் போட்டால், விடை 43 எச்.பி.யில் வந்து நிற்கிறது.

மஹிந்திரா 575 டி.ஐ. 2,730 சி.சி.யில் 45 எச்.பி. தருகிறது. மாஸே பெர்குசன் 241 டி.ஐ. 2,500 சி.சி.யில் 42 எச்.பி. தருகிறது. கம்பெனி எதுவானாலும் சாதா இன்ஜின்கள் இந்தக் கணக்கை ஒட்டியே இருப்பதற்குக் காரணம் இதுதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது, வெளியே இருக்கும் வளிமண்டலம் எவ்வளவு காற்றை உள்ளே தள்ளுகிறதோ அவ்வளவுதான் வரவு.

அதற்கு மேல் எச்.பி. வேண்டுமென்றால் சிலிண்டரைப் பெரிதாக்கலாம், இன்ஜினை வேகமாகச் சுற்ற வைக்கலாம், அல்லது காற்றை அழுத்தி உள்ளே திணிக்கலாம். நம் ஊரில் நாலாவதாக ஒன்று செய்கிறார்கள். பம்பை ஏற்றி வைத்து டீசலை மட்டும் கூட்டுவது. காற்று அதே அளவு, டீசல் மட்டும் அதிகம். சைலன்சரில் கன்னங்கரேலென்று வருவது எரியாத டீசலின் கரிதான். கொஞ்சம் இழுவை கூடும், மறுக்கவில்லை. ஆனால் கூடுதலாக ஊற்றிய டீசலில் பாதிக்குப் பாதி புகையாகவும் சூடாகவும் போய்விடும்.

காரில் நொடிக் கணக்கு, வயலில் மணிக்கணக்கு

காற்றைத் திணிக்க இரண்டு வழி உண்டு. இன்ஜினின் சொந்தச் சுழற்சியிலிருந்தே பெல்ட்டோ பல்சக்கரமோ போட்டு ஒரு காற்று பம்பை ஓட்டினால் அது சூப்பர்சார்ஜர். சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தில் ஒரு விசிறியைச் சுற்றவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறியால் காற்றை அழுத்தினால் அது டர்போ. ஆல்பிரட் பூச்சி என்ற சுவிஸ் பொறியாளர் 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

சூப்பர்சார்ஜர் பற்றிச் சொல்ல, நூறு வருடம் முந்திய மெர்சிடிஸ் கார் ஒன்றை விட நல்ல உதாரணம் இல்லை. 1920-களில் ஜெர்மனியில் விற்ற அந்தக் காரின் பெயர் 6/25/40. முதல் எண் அந்த நாட்டு வரிக் கணக்குக்கான எச்.பி. இரண்டாவது, இன்ஜின் தானாகக் காற்று இழுக்கும்போது தரும் எச்.பி., 25. மூன்றாவது, காற்று பம்பும் சேரும்போது தரும் எச்.பி., 40. ஒரே இன்ஜின், ஒரே காரின் பெயரிலேயே இரண்டு சக்தி. ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தினால்தான் பம்பு இணையும். மேடு ஏறும்போதோ முந்தும்போதோ கொஞ்ச நேரம் மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். நெடுநேரம் ஓட்டினால் இன்ஜின் தாங்காது.

காருக்கு அது போதும். சாலையில் போகும் காருக்கு முழு சக்தி தேவைப்படுவது நொடிக் கணக்கில்தான். மீதி நேரமெல்லாம் இன்ஜின் சும்மா நடந்துகொண்டிருக்கிறது. இன்றைய மாருதி பிராங்க்ஸ் காரில் 1,197 சி.சி. சாதா பெட்ரோல் இன்ஜின் சுமார் 90 எச்.பி. தருகிறது, 998 சி.சி. டர்போ 100 எச்.பி. தருகிறது. அதைவிட முக்கியம், சக்கரத்தைத் திருப்பும் விசையான டார்க். சாதா இன்ஜினில் 113. அதுவும் 4,400 சுற்றுக்கு முடுக்கினால்தான் முழுசாகக் கிடைக்கும். டர்போவில் 148, அதுவும் 2,000 சுற்றிலேயே. ஊருக்குள் நாம் 4,400 சுற்றில் ஓட்டுவதில்லை. அதனால்தான் எச்.பி.யில் பத்தே வித்தியாசம் இருந்தும், ஓட்டிப் பார்த்தவர்கள் டர்போ கார் பாய்கிறது என்கிறார்கள்.

டிராக்டர் அப்படி இல்லை. ரொட்டவேட்டரை இறக்கிவிட்டால், பொழுது சாய்கிற வரை முக்கால் சக்திக்குக் குறையாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சொந்தச் சக்தியைத் தின்று ஓடும் பெல்ட் பம்பை விட, வீணாய்ப் போகும் புகையில் ஓடும் டர்போதான் இதற்குத் தோது. டீசல் இன்ஜினுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பெட்ரோல் இன்ஜினில் அதிகக் காற்றைத் திணித்தால், பொறி மூட்டிய தீ வந்து சேருமுன்பே கலவை தானாக வெடித்து 'டக்டக்' என்று தட்டும். டீசலில் அந்தத் தொல்லை இல்லை. இன்றைய லாரிகளில் டர்போ இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பதிமூன்றில் எத்தனை டர்போவுடையது?

அந்த விவசாயியின் கேள்விக்கு வருகிறேன். ஜான் டீர் கம்பெனியின் 2.9 லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின் நம் ஊரில் பலருக்குத் தெரிந்தது. 5042 என்ற மாடலில் அது சாதா இன்ஜின். 2,100 சுற்றில் 42 எச்.பி. மெக்கானிக்கல் பம்பு காலத்து 5310 மாடலில் அதே அளவு இன்ஜினுக்கு டர்போ. 2,400 சுற்றில் 55 எச்.பி. வித்தியாசம் 13.

இந்த 13-ம் டர்போ தந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சுற்றைக் கவனியுங்கள். சாதா இன்ஜினையே 2,100-லிருந்து 2,400-க்கு முடுக்கினால், தோராயமாக 48 எச்.பி. வந்துவிடும். ஆக 6 எச்.பி. வேகத்தால் வந்தது. டர்போவின் பங்கு 7 தான். அதையும் குறைத்து மதிப்பிடவில்லை. பாரம் ஏறி இன்ஜின் இறங்கும்போது தாக்குப்பிடிப்பது அந்த ஏழுதான். ஆனால் 1,300, 1,400 சுற்றுக்குக் கீழே பெரிய கியரில் போட்டு முக்கி ஓட்டும் பழக்கம் உள்ளவருக்கு அந்த ஏழும் கிடைக்காது. புகை வேகம் இல்லாதபோது டர்போ விசிறி சோம்பலாகத்தான் சுற்றும். அப்போது அதுவும் சாதா இன்ஜின்தான்.

கொட்டேஷன் வாங்கும்போது எச்.பி.யை மட்டும் பார்க்காமல் சி.சி. எவ்வளவு, எத்தனை சுற்றில் அந்த எச்.பி., டார்க் எவ்வளவு, பி.டி.ஓ. எச்.பி. எவ்வளவு என்று நான்கையும் எழுதி வாங்குங்கள். ரொட்டவேட்டருக்கும் சோளம் அடிக்கும் மிஷினுக்கும் போய்ச் சேர்வது பி.டி.ஓ. எச்.பி.தான். இன்ஜின் எச்.பி.யை விட அது 10 முதல் 15 சதவிகிதம் குறைவாக இருக்கும்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். அந்த இரண்டரை லட்சம் முழுவதும் டர்போவுக்கான விலை அல்ல. 50 எச்.பி.க்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து 'டிரெம்-4' என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது. அதற்காகக் கம்பெனிகள் பழைய பம்பை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் பார்த்து டீசல் பீய்ச்சும் காமன் ரெயில் முறைக்கு மாறின. புகை குறைவு, டீசலும் சிக்கனம். ஆனால் சென்சார் ஒன்று பழுதானால் நம் ஊர் மெக்கானிக் ஸ்பேனரை வைத்துக்கொண்டு வேடிக்கைதான் பார்க்க முடியும். சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்பதும் அந்த வண்டியின் விலையில் சேர்த்தி.

மலைக்குப் போனால் கணக்கு மாறும்

டர்போ கட்டாயம் வேண்டும் என்று நான் தயங்காமல் சொல்லும் இடம் மலை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்கும் சொச்சமும்தான். குளிர் இருப்பதால் காற்று கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும் என்றாலும், கீழே 45 எச்.பி. காட்டிய சாதா இன்ஜின் அங்கே 37-ஐத் தாண்டினால் அதிர்ஷ்டம். மேட்டுப்பாளையத்திலிருந்து உரமூட்டை ஏற்றிக்கொண்டு மலையேறும் வேன்களைக் கவனித்தால் தெரியும். ஏற ஏற சாதா இன்ஜின் வண்டி மூச்சு வாங்கும். டர்போ வண்டி, மெலிந்த காற்றை விசிறியால் அழுத்திச் சரிக்கட்டிக்கொள்ளும்.

சமவெளியிலும் இதன் சாயல் உண்டு. சித்திரை வெயிலில் 42 டிகிரியில் இருக்கும் காற்று, மார்கழிக் காலையில் இருப்பதை விட ஐந்து சதவிகிதமாவது லேசானது. மதியத்தில் வண்டி மந்தமாக இழுக்கிறது என்று டிரைவர் சொன்னால், அது சாக்கு இல்லை.

மாட்டிக்கொண்ட டர்போ

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த வேறொரு மாவட்டத்தில் நடந்தது. நாற்பது சொச்சம் எச்.பி. சாதா டிராக்டர் வைத்திருந்த ஒருவரிடம் ஒரு பட்டறைக்காரர், 'பழைய லாரி டர்போ ஒன்று இருக்கிறது, மாட்டிப் பம்பையும் ஏற்றிவிட்டால் 55 ஆகிவிடும்' என்று சொல்லியிருக்கிறார். செலவு சில ஆயிரம்தான். மாட்டினார். முதல் பத்து நாள் ஊரே வேடிக்கை பார்த்தது. ஏழடி ரொட்டவேட்டரையும் இழுத்தது.

சம்பா உழவு உச்சத்தில் ஹெட் கேஸ்கெட் போனது. மாற்றினார், மறுபடி போனது. கழற்றிப் பார்த்தால் இரண்டாம் சிலிண்டர் பிஸ்டனின் தலை உருகியிருந்தது. அந்தப் பருவம் முழுக்க வண்டி பட்டறையில் நின்றது. தவணை மட்டும் நிற்கவில்லை. வண்டியில் மாற்றம் செய்ததால் வாரண்டியும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் அந்த வருடம் தன் நிலத்தையே வாடகை வண்டி வைத்துத்தான் உழுதார்.

கம்பெனியே டர்போ வைத்து விற்கும் இன்ஜினில் பிஸ்டன் வேறு. அநேகமாக அதன் அடியில் ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஏற்பாடு இருக்கும். ரேடியேட்டர் பெரிது, கிளட்ச் பெரிது, பின் பாலமும் அதற்கேற்ற கனம். வெளியே பார்க்க ஒரே சைஸ். உள்ளே அப்படி இல்லை. விசிறியை மட்டும் வாங்கி மாட்டினால், 42 எச்.பி.க்கு வார்த்த உடம்பில் 55 எச்.பி. சூடு ஏறுகிறது.

டர்போ வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

டர்போ தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. ஒரு பக்கம் ஐந்நூறு, அறுநூறு டிகிரி புகை, மறுபக்கம் வெளிக்காற்று. நடுவே தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். வேலை முடிந்து வந்த வேகத்தில் இன்ஜினை நிறுத்தினால் ஆயில் வரத்து உடனே நின்றுவிடும். தண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் தேங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். அதனால் நிறுத்துமுன் இரண்டு, மூன்று நிமிடம் ஐடிலில் ஓடட்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் முடுக்காமல் விடுங்கள். டிரைவரிடம் ஒருமுறை சொன்னால் போதாது. நம் ஆட்கள் டீசல் வீணாகிறது என்று உடனே அணைத்துவிடுவார்கள்.

ஏர் கிளீனர் விஷயத்தில் சாதா இன்ஜின் மன்னிக்கும், டர்போ மன்னிக்காது. புழுதி உழவில் உள்ளே போகும் மண்துகள் அந்த வேகத்தில் சுற்றும் விசிறியை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். பில்டரைத் தரையில் தட்டாதீர்கள். உள்பக்கமிருந்து வெளியே பார்க்க, குறைந்த அழுத்தத்தில் காற்றடியுங்கள். உள்ளே இருக்கும் சின்னப் பாதுகாப்பு பில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் செய்யாதீர்கள். ஆயிலும் கம்பெனி சொன்ன தரத்தில், சொன்ன மணிக்கு மாற்ற வேண்டும்.

பழைய டர்போ வண்டி வாங்குவோர், இன்ஜினை அணைத்து ஆறிய பிறகு, டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். விசிறியைக் கையால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும். ஓரத்தில் உரசக் கூடாது. இதழ்களின் விளிம்பு மழுங்கியிருந்தாலோ, குழாய்க்குள் ஆயில் வழிந்திருந்தாலோ, ஓட்டும்போது நீலப்புகை வந்தாலோ விலையைப் பேசுமுன் டர்போ மாற்றும் செலவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவர் எதை எடுத்தார்?

ஏழடி ரொட்டவேட்டர், வைக்கோல் கட்டும் பேலர், ஆழ உழவு என்று வருடத்தில் பெரும்பகுதி நாள் வாடகைக்கு ஓட்டுபவருக்கு டர்போவே சரி. நம் ஊரில் வாடகை மணிக்கணக்கில்தான். சீக்கிரம் முடிக்கும் வண்டியைத்தான் ஜனங்கள் கூப்பிடுவார்கள். ஆனால் இவருடைய வேலை ஒன்பது கொத்துக் கலப்பை, ஐந்தரை அடி ரொட்டவேட்டர், சோளம் அடிக்கும் மிஷின், கொஞ்சம் டிரைலர். பக்கத்தில் ஏற்கெனவே மூன்று பெரிய வண்டிகள் வாடகைக்கு ஓடுகின்றன. வருடத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதியாகக் கிடைக்கும் என்று அவரும் பையனும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். இருநூற்றைம்பதைத் தாண்டவில்லை. அதற்கு 45 எச்.பி. தாராளம். உள்ளபடி சொன்னால், அந்த ஆறு ஏக்கருக்கு மட்டும் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையின் குறைந்த வாடகை டிராக்டரே போதும் என்றும் சொன்னேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை, பேச்சை மாற்றிவிட்டார்.

போன வாரம் போன் செய்தார். சாதா வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டாராம். மிச்சமான பணத்தில் ரொட்டவேட்டர் ஒன்றும் எடுக்கிறார். "பையனுக்குத்தான் சார் மனசே ஆறலை. பின்னாடி நாமளே ஒரு டர்போ வாங்கி மாட்டிக்கலாம்ப்பாங்கிறான்" என்றார். பிஸ்டன் உருகிய கதையை அவனிடம் ஒருமுறை சொல்லச் சொல்லியிருக்கிறேன்.